திரும்பி வருவதாக வாக்களித்த குடிகள்

எங்கள் மன்னருக்குக் காது கேட்காது என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. காதைக் கழற்றி எங்கள் ஊருக்கே அனுப்பி வைத்திருந்தார்.

அதற்குப் பெயர் செவி. ஊர் மண்டபத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு நின்ற கறுப்புத் தூண். அதன் நெற்றியில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடித் திரை. மன்னர் இருந்தது முடிநகரத்தில். பெரிய கோளைச் சுற்றி மிதக்கும் நகரம் அது. நாங்கள் இருந்தது பனிக்கரையில். அதே கோளைத் தள்ளி நின்று சுற்றுகிற ஒரு நிலா. எந்தப் பக்கம் பார்த்தாலும் பனி. நாங்கள் பனியை வெட்டி, உருக்கி, கப்பலில் ஏற்றுவோம். அங்கே அதைக் குடிப்பார்கள், அதிலிருந்து காற்று எடுப்பார்கள், எரிபொருள் செய்வார்கள். மிச்சம் இருந்தால் மன்னரின் தோட்டத்துக்கு ஊற்றுவார்கள்.

எங்கள் முன்னோர் பூமியில் தெற்குச் சீமையின் உப்பளத்தில் வெந்தவர்கள். குளிரான ஊர், வேலை உண்டு என்றதும் யோசிக்காமல் கப்பல் ஏறியிருக்கிறார்கள். குளிர் விஷயத்தில் அவர்களை யாரும் ஏமாற்றவில்லை.

செவிக்கு முன்னால் சொன்னது சொன்னதுதான். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. வாயிலிருந்து விழுந்த சொல்லை அது அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்ளும், உடனே நிறைவேற்றவும் செய்யும். எங்கள் கதவுகள், குழாய்கள், விளக்குகள், ஊருக்கே சூடு தரும் உலை எல்லாம் அது சொன்னபடிதான் கேட்கும்.

அந்தக் காலத்து மன்னர் ஒருவர், நல்லவரோ அவசரக்காரரோ, எங்களுக்கு ஒரு சாசனம் கொடுத்திருந்தார். குடிகள் மூன்று முறை முறையிட்டு, மூன்று முறையும் மன்னர் கையை விரித்துவிட்டால், எல்லாருக்கும் சேர்த்து ஒரு வீட்டார் செவிக்கு முன்னால் நின்று குறைகளைச் சொல்லி மன்னரை விட்டுப் பிரிந்துவிடலாம். செவி அதை ஏற்றால் உலையின் பூட்டு திறந்துகொள்ளும். அப்புறம் சூடு எங்களுடையது, பனி எங்களுடையது. அந்தச் சாசனத்தை மீறச் செவிக்குத் தெரியாது. மன்னருக்காகக்கூட ஒரு சொல்லை வளைக்காது. எங்களுக்காகவும் வளைக்காது. அதில்தான் என் தம்பி மாட்டிக்கொண்டான்.

என் பெயர் ஆவுடை. பனி வெட்டும் வண்டி ஓட்டுகிறவள். தம்பி மாசானம் எனக்கு நாலு வயது இளையவன், பேச்சில் கெட்டிக்காரன். முதல் தடவை ஊர் பிரிய முடிவு செய்தபோது, பேச மாசானம் வீடு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவனும் பேசினான். குறைகள் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மண்டபமே அழுதது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, மரியாதை தெரிந்த வீட்டுப் பிள்ளை இல்லையா, இரண்டு கையையும் கூப்பிக் கடைசியாக ஒன்று சொன்னான்.

“அப்ப நாங்க போயிட்டு வாரோம்.”

யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். செவிதான் எடுத்துச் சொன்னது.

“குடிகள் போய்விட்டுத் திரும்பி வருவதாக வாக்களித்துள்ளனர். பிரிவு ஏற்கப்படவில்லை. வாக்குறுதி பதிவாயிற்று.”

அவனைக் குற்றம் சொல்ல ஊரில் ஒரு நாக்கு கிடையாது. அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். எங்கள் ஆட்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள். கக்கூசுக்குப் போனாலும் வாரேன்தான். போறேன் என்று ஒருவன் சொன்னால் ஒன்று சண்டை போட்டுக்கொண்டு போகிறான், இல்லை சாகப் போகிறான் என்று அர்த்தம். பூமியிலிருந்து கப்பலேறிய முன்னோர்கூட, திரும்ப வழியே இல்லை என்று தெரிந்தும், போயிட்டு வாரோம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்கள்.

மன்னரின் படை வந்து மாசானத்தைக் குளிர் உடுப்பு இல்லாமல் வெளிக்கதவு வழியாக அனுப்பியது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வராது. திரும்பி வருவதாகச் சொன்ன வாக்குக்குப் பிணையாக ஊரிலிருந்து முப்பத்தொரு பிள்ளைகளையும் கொண்டுபோனார்கள். அதில் தம்பி மகள் முப்பிடாதியும் ஒருத்தி. அப்போது அவளுக்கு மூன்று வயது.

கொண்டுபோன பிள்ளைகளை மன்னர் ஓர் உத்தரவு போட்டுத் தன் சொந்தப் பிள்ளைகளாக ஆக்கிக்கொண்டார். பெற்றவர்கள் பிறகு உரிமை கேட்கக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை. பெண் பிள்ளைகளுக்கெல்லாம் அரோனியா என்று மன்னரின் பெயரை ஒட்டி ஒரே பெயர், பின்னால் ஓர் எண். எங்கள் முப்பிடாதி அரோனியா பதினெட்டு ஆனாள். அரசப் பிள்ளையின் நாவு மன்னரின் நாவு என்று சட்டம். அவர்கள் திரையில் வந்தால் நாங்கள் எழுந்து நிற்க வேண்டும், நீங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நீ என்று சொன்னால் செவி தொடர்பை அறுத்துவிடும்.

என் தம்பி மனைவி பேச்சிக்கு மாதம் ஒருமுறை மகளோடு பேச அனுமதி உண்டு. பெயர்தான் பேச்சி, வாயைத் திறக்க வைக்க நாம் தவம் கிடக்க வேண்டும். அப்படிப்பட்டவள் தான் பெற்றெடுத்த சின்னப் பிள்ளைக்கு முன்னால் எழுந்து நின்று, “சாப்பிட்டீங்களா? தூங்குனீங்களா?” என்று கேட்பாள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன். எனக்கு அந்த மன்னரைத் தூக்கிப் போட்டு மிதிக்க வேண்டும் போல இருக்கும்.

முப்பிடாதிக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள், பேசும் நேரம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் பிள்ளை ஓவென்று அழுதது. “அம்மா, போகாதே. அங்கேயே இரு,” என்றது.

“அரசப் பிள்ளையின் உத்தரவு,” என்றது செவி. மண்டபக் கதவு பூட்டிக்கொண்டது. பேச்சி உள்ளே, நாங்கள் வெளியே. முடிநகரத்தில் யாரோ ஒரு அதிகாரி பார்த்து உத்தரவை ரத்து செய்ய மூன்று நாள் ஆயிற்று. காற்றுத் துளை வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினோம். பேச்சி வெளியே வந்தபோது அவளால் நிற்க முடியவில்லை. ஆனால் முகம் என்னவோ தெளிவாக இருந்தது. “போகாதேன்னு சொன்னா மதினி,” என்று என்னிடம் நாலைந்து முறை சொன்னாள்.

அங்கே பிள்ளையிடம் யார் என்ன சொன்னார்களோ, அதன்பின் அவள் பேச்சில் வா, போ, இரு, செய் என்று எதுவும் வந்ததில்லை. அம்மாவை நீ என்று சொல்லவும் மனமில்லை, நீங்கள் என்று சொல்லவும் அனுமதியில்லை. ஆகவே ஆளையே விட்டுவிட்டுப் பேசப் பழகிக்கொண்டாள். “சாப்பாடு ஆயிற்றா? உடம்பு பரவாயில்லையா? அத்தை வண்டி ஓடுகிறதா?” என்பாள். செவியிடம் கற்ற தமிழ், எழுத்து எழுத்தாக உச்சரிப்பாள். சட்டத்துக்கும் பிசகில்லாமல் பெற்றவளுக்கும் வலிக்காமல் பேச அந்த வயதில் எப்படித்தான் தெரிந்ததோ.

இப்படியே ஒன்பது வருடம் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் மன்னர் உலையின் சூட்டைக் குறைத்தார். நாங்கள் மறுபடி முறையிட்டோம். மூன்றாவது முறையீடும் திரும்பி வந்த அன்று சொரிமுத்து அண்ணாச்சி பேச்சி வீட்டுக்கு வந்தார். ஊர்க்கூட்டத்தின் தலைவர் அவர். மனைவியைக் குளிருக்குக் கொடுத்தவர், பிள்ளை குட்டி இல்லாதவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மன்னர் கைய விரிச்சிட்டாரு பேச்சி. சூட்டக் கூட்ட மாட்டாராம். அதோட புதுசா ஒண்ணு. இனிமே இங்க பொறக்குற பிள்ளைக எல்லாம் மூணு வயசானா முடிநகரத்துக்குப் போகணுமாம். பிணை கிணைன்னு பேச்சே கெடையாது. பொறந்தாலே அவரு பிள்ளையாம்.”

பேச்சி அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினாள். “கேட்டேன் அண்ணாச்சி.”

“அப்ப பிரிஞ்சுதான் ஆகணும். யாரு பேசணும்னும் ஒனக்குத் தெரியும்.”

“அவள ஏன் இழுக்கீக? நான் பேசுதேன்,” என்றேன். “எனக்கு அந்த வார்த்தையில ஒரு கூச்சமும் கெடையாது. போறேன், போறேன், போறேன். பாத்தீகளா, மேல்கூரை இடிஞ்சா விழுந்துட்டு?”

“திரும்பி வாரோம்னு வாக்குக் குடுத்தது மாசானம் வீடு. எடுக்குறதும் அந்த வீடுதான் எடுக்கணும். நீ அந்த வீடு கெடையாது ஆவுடை.”

“நான் அவன் கூடப்பொறந்தவ.”

“கட்டிக்குடுத்த பொண்ணு புருசன் வீட்டுக்காரின்னு செவிகிட்டப் பதிஞ்சு வச்சது யாரு? மன்னரா? நம்ம தாத்தாமாருதான். அது சொன்னத அப்படியே வச்சிருக்கு.”

மன்னரைத் திட்டலாம், தாத்தாமாரை எங்கே போய்த் திட்டுவது?

“பிரிஞ்சுட்டா, அங்க இருக்குற பிள்ளைக?” என்று பேச்சி கேட்டாள்.

“சட்டப்படி அவுக மன்னர் பிள்ளைக. அங்கதான் இருப்பாக. அதுக்கப்புறம் பேசுறதும் கெடையாது, பாக்குறதும் கெடையாது.” சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த மட்டில் அவரை நான் மதிக்கிறேன்.

“பிரியலன்னா?”

“மிச்ச பிள்ளைகளும் போகும். போறதுக்கு முன்னாலயே குளிர்ல போனாலும் போகும்.”

“நான் தடுமாறிட்டேன்னா?”

“ரெண்டாவது தடவையோட சரி. அப்புறம் எந்தக் காலத்துலயும் பிரியுற உரிமை கெடையாது. ஒன்னையும்…” வெளிக்கதவு இருந்த திசையைப் பார்த்தாரே தவிர, முடிக்கவில்லை.

பேச்சி கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதற்குக் கலக்கத் தேவையில்லை. “சொல்லுதேன்,” என்றாள் கடைசியில்.

மறுநாளிலிருந்து ஊரே பயிற்சியில் இறங்கியது. பேச்சி ஒருத்திதான் பேசப்போகிறாள் என்றாலும், அவள் காதில் அந்த வார்த்தை பழக வேண்டும் என்பது அண்ணாச்சியின் யோசனை. யாரும் இனி வாரேன் என்று சொல்லக் கூடாது, போறேன் என்றே சொல்ல வேண்டும். கேட்கவா வேண்டும் கூத்துக்கு? புதிதாகக் கல்யாணமான ஒருவன் வேலைக்குக் கிளம்பும்போது போறேன் என்றான். பெண்டாட்டி கரண்டியால் அடித்துவிட்டாள். கிழங்கள் காதைப் பொத்திக்கொண்டன. உலைக்கூடத்து ஆள் ஒருவர் போறேன் என்று சொல்லிவிட்டு நாலடி போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உத்தரவு வாங்கிக்கிடுதோம் என்று மரியாதையாகச் சொல்லலாமே என்று ஒருவர் கேட்டார். “உத்தரவு வாங்குதோம்னா உத்தரவு கேக்கோம்னு எடுத்துக்கிடும். மன்னர் குடுப்பாரா?” என்றார் அண்ணாச்சி.

பேச்சிக்குச் சொல்லிக்கொடுத்தது நான். வாசலில் நிற்க வைத்து, “சொல்லு,” என்பேன். முதல் வாரம் உதடு குவிந்ததோடு சரி, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. “போறேன்,” என்பாள், உடனே அபசகுனம் தீரக் குனிந்து தரையைத் தொடுவாள். தொடக் கூடாது என்று அதட்டினேன். கடைசி வாரத்தில் தொடாமலேயே சொன்னாள். அவளை அப்படி ஆக்கியதற்காக எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

பிரியும் நாளுக்கு முன்பு ஒருமுறை மகளோடு பேசும் முறை வந்தது. பிரிவைப் பற்றி அரசப் பிள்ளையிடம் வாய் திறக்கக் கூடாது. பேச்சி வழக்கம் போலச் சாப்பாட்டைக் கேட்டாள், தூக்கத்தைக் கேட்டாள். பன்னிரண்டு வயதாகிவிட்டது பிள்ளைக்கு. மாசானத்தின் அகன்ற நெற்றி அப்படியே வந்திருந்தது. எங்கள் பேச்சு அங்கே போய் அங்கிருந்து பதில் வர, ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாகக் குடிக்கும் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் பேச்சி திரையைக் கண்ணால் தின்றுகொண்டிருந்தாள்.

“அங்கே மண்டபத்தில் ஒரு கூட்டம் நடக்கப்போகிறதாம். இங்கே பேச்சு அடிபடுகிறது,” என்றாள் முப்பிடாதி.

பேச்சி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“இந்த வருடம் குழந்தைகள் இறந்தது உண்மையா?”

“பதினோரு பேரு,” என்றேன் நான், பேச்சியை முந்திக்கொண்டு.

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. “நல்லபடியாக நடக்க வேண்டும்,” என்றது. நேரம் முடிந்தது.

பிரியும் நாளில் மண்டபம் நிறைந்து, வெளி நடையிலும் ஆட்கள் நின்றார்கள். சூடு குறைவு என்பதால் ஒவ்வொரு வாயிலிருந்தும் ஆவி வந்தது. சாசனப்படி மன்னர் தன் தரப்பில் ஒரு சாட்சியை வைக்கலாம். யாராவது அதிகாரி வருவான் என்று நினைத்திருந்தோம். செவி அறிவித்தது.

“மன்னரின் சாட்சி, அரசப் பிள்ளை அரோனியா பதினெட்டு.”

திரையில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். கழுத்துவரை மூடிய வெள்ளை அங்கி. நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம், நின்றுதான் ஆக வேண்டும். “பாவி. தேடிப் புடிச்சிருக்கான் பாரு,” என்று அண்ணாச்சி என் காதருகே சொன்னார். மன்னரை அவர் அவன் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பேச்சியின் கை என் கையைப் பிடித்திருந்தது. ஒரு நொடி இறுக்கிவிட்டு, அவளாகவே விட்டுவிட்டாள். தூணுக்கு முன்னால் போய் நின்றாள்.

“குறைகளைச் சொல்லலாம்,” என்றது செவி.

நான் சொல்லிக்கொடுத்ததை அவள் சொல்லவில்லை. தானாகப் பேசினாள்.

“நாங்க வெட்டுன பனியில எங்களுக்கே தண்ணி அளந்து குடுத்தாரு. எங்க ஊரு உலையில எங்களுக்கே சூடு அளந்து குடுத்தாரு. எங்க வழக்க எங்க ஆளுக தீக்கக் கூடாதுன்னு அங்கருந்து ஆள் அனுப்புனாரு. அந்த ஆளுகளுக்கு எங்க வீட்டுலயே படுக்கையும் போடச் சொன்னாரு. மூணு தடவ கேட்டோம், மூணு தடவயும் கதவச் சாத்துனாரு. செத்தவுகளப் பொதைக்கப் பனியத் தோண்டுனா, மன்னர் சொத்தத் திருடுன குத்தம்னாரு. இந்தக் குளிருக்குச் செத்த பதினோரு பச்சப்பிள்ளைகளையும் உலையிலதான் போட்டோம். அன்னைக்கெல்லாம் ஊரு அந்தச் சூட்டுலதான் ஒறங்குச்சு.”

மண்டபத்தில் யாரோ ஒருத்தி விசும்பினாள். பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

“எம்புருசன உடுப்பு இல்லாம வெளிய தள்ளுனாரு. நான் பெத்த பிள்ளைய எனக்கு நீங்கன்னு ஆக்குனாரு. இனிப் பொறக்கப்போறதையும் கேக்குறாரு. அதனால பனிக்கரைக் குடிக மன்னர விட்டுப் போறோம்.”

போறோம். தெளிவாக, நடுங்காமல், தரையைத் தொடாமல் சொல்லிவிட்டாள். நான் மூச்சை விட்டேன். ஆனால் செவி பூட்டைத் திறக்கவில்லை.

“குறைகள் பதிவாயின. குடிகளின் சொல் பதிவாயிற்று. முன்பு வாக்களித்த வீட்டார், மன்னரின் சாட்சியிடம் நேரில் விடைபெற வேண்டும்.”

இது எங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். அதிகாரியின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தோம்.

பேச்சி திரையைப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்த்தது. நான் மனசுக்குள், சொல்லிடு, சொல்லிடு, ஒரே வார்த்தைதானே என்று அரற்றிக்கொண்டிருந்தேன். பேச்சியின் உதடு குவிந்தது. “போ…” என்றாள். நிறுத்தினாள். அவள் எதிரே இருந்தது சாட்சியும் இல்லை, அரசப் பிள்ளையும் இல்லை. இனிமேல் பார்க்கவே முடியாத மகள். அப்படிப்பட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் எந்தத் தாய் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள்?

“போயிட்டு வாரேன் தாயி,” என்றாள் பேச்சி.

சொரிமுத்து அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சி தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் காதில் விழுந்தவள் போல இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் தம்பி செய்த அதே பிழை. அதே வீடு, அதே சொல்.

“வீட்டார் திரும்பி வருவதாக மீண்டும் வாக்களித்துள்ளார்,” என்றது செவி. “சாட்சி கேட்டதும் வாக்குறுதி உறுதியாகும்.”

அவள் சொன்னது இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. திரையில் முப்பிடாதி ஒன்றும் அறியாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி பிள்ளையை நெஞ்சோடு அணைத்து முந்தானையால் மூடினாள், யாரோ அப்போதே பிடுங்க வந்துவிட்ட மாதிரி. நான் வெளிக்கதவை நினைத்துக்கொண்டேன்.

பிறகு சொல் அங்கே போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் கண் விரிந்தது. ஒரு கணம் அவள் ஐந்து வயது முப்பிடாதியாக ஆனாள், அழப்போகிறாள் என்றே நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வராதே,” என்றாள்.

பேச்சியின் கை வாயிலிருந்து இறங்கியது.

“வராதே. போ.”

ஏழு வருடமாக அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை. ஒரு நாயைக்கூட நாங்கள் அந்தக் குரலில் விரட்ட மாட்டோம். உதடு கொஞ்சமாவது நடுங்கியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நடுங்கவில்லை.

“அரசப் பிள்ளையின் உத்தரவு,” என்றது செவி, எப்போதும் போல ஏற்ற இறக்கமில்லாமல். “அரசப் பிள்ளையின் நாவு மன்னரின் நாவு. திரும்பி வருவதாகச் சொன்ன வாக்கை மன்னரின் நாவு விலக்கியது. குடிகள் போகலாம்.”

உலைக்கூடத்தின் பக்கம் பூட்டு விலகும் சத்தம் கேட்டது. பெரிய சத்தம். திரையில் கையுறை போட்ட ஒரு கை பக்கவாட்டிலிருந்து நீண்டு முப்பிடாதியின் தோளைப் பிடித்தது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் இன்னும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரை கறுத்துவிட்டது.

ஊர் கத்தித் தீர்த்தது. அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள், உலையை முழுச் சூட்டில் வைத்தார்கள். பல வருடத்துக்குப் பிறகு ஆட்கள் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். பேச்சி மட்டும் தூணுக்கு முன்னாலேயே நின்றாள். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

“வராதேன்னுட்டாளே மதினி.”

“ஏட்டி, அவ சட்டத்துக்குச் சொன்னா. ஒன்னக் காப்பாத்தச் சொன்னா. நம்ம எல்லாரையும்.”

“தெரியும். எனக்குத் தெரியாதா?” என்றாள். “ஆனா சொன்னாள்ல.”

அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

மன்னரின் உத்தரவுப்படி மன்னரிடமிருந்து விடுதலை அடைந்த குடிகள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். அண்ணாச்சிக்கு அது உறுத்தியது. நாமே எடுத்துக்கொண்டோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். கூட்டத்தில் அத்தனை பேர் கேட்டதை எப்படி அண்ணாச்சி மறைக்க, நாமென்ன மன்னரா என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சண்டை ஒன்றும் வரவில்லை. பனி வேண்டுமே, எங்களிடம் விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்த கப்பலின் தலைவனைப் பேச்சி தேடிப் போனாள், நானும் கூடப் போனேன். அவன் எங்களைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினான். அரசப் பிள்ளையின் நாவு என்ற அந்தச் சட்டத்தை மன்னர் எடுத்துவிட்டார், அரசப் பிள்ளைகள் என்று இப்போது அங்கே யாரும் இல்லை என்றான்.

“அப்படின்னா பிள்ளைக எங்க?”

“அரசப் பிள்ளைகள் என்று யாரும் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் அம்மா.” நல்ல மனிதன்தான். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். தெரிந்ததால்தான் சொல்லவில்லை என்றும் சில நாள் நினைப்பேன்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த முப்பத்தொரு வீட்டாரும் அன்றிலிருந்து தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

ஒரு வருடம் கழித்து, விடுதலை நாள் கொண்டாட்டத்துக்கு முன்பு, சொரிமுத்து அண்ணாச்சி ஒரு பெரிய உலோகப் பலகையோடு பேச்சி வீட்டுக்கு வந்தார். அவரே கைப்படச் செதுக்கியிருந்தார். முப்பிடாதி மண்டபம் என்று அழகான எழுத்து. ஊர்க்கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையான மரியாதையோடுதான் கொண்டுவந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான்கூட நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

பேச்சி பலகையை வாங்கி மடியில் வைத்து, எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். மகளின் சொந்தப் பெயரை எழுத்தில் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

“வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏம்மா? அவ இல்லன்னா நாம ஏது?”

“உசுரோட இருக்குறவ பேர மண்டபத்துக்கு வைப்பாகளா?”

அண்ணாச்சி பலகையின் எழுத்துப் பக்கத்தைத் தன் நெஞ்சோடு திருப்பி வைத்துக்கொண்டு எழுந்து போனார். பேச்சி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. அவளை எங்கள் பனியில், எங்கள் கையால் தோண்டி, முறையாகப் புதைத்தோம். பனிக்கரையில் இப்போது தெருவுக்குப் பெயர் இருக்கிறது, உலைக்குப் பெயர் இருக்கிறது, என் பழைய வண்டிக்குக்கூட ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மண்டபத்துக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை.